கரட்டுநீலியும் கொத்துப் பரோட்டாவும்

தன் புருஷன் ஒரு பூச்சி என்று ஆணையம் அறிவித்த நேரத்தில் உலகம்மாள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அதனால் அவள் கண்ணில் வழிந்த நீருக்கு எது காரணம் என்று வந்திருந்த அதிகாரிக்குப் பிடிபடவில்லை. சங்கடத்தோடு கைக்குட்டையை நீட்டினார்.

"பூச்சின்னா கேவலமா நினைக்காதீங்கம்மா. முதல் அட்டவணைப் பூச்சி. புலிக்கு என்ன மரியாதையோ அதே மரியாதை."

"அப்பம் புலின்னே சொல்லியிருக்கலாம்லா" என்றாள் உலகம்மாள்.

"புலி மகரந்தம் சேர்க்காதேம்மா."

உலகம்மாள் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். பூச்சியாகிப்போன சைலப்பன் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று மைதாவைப் பிசைந்துகொண்டிருந்தார். அவர் எதற்குமே அதிகம் பேசாத மனுஷன்.

மொட்டைப்பாறை விலக்கு என்பது, தென்காசியிலிருந்து கிழக்கே போகும் சாலையில், நிற்கலாமா வேண்டாமா என்று பேருந்துகள் யோசிக்கும் ஓர் இடம். அங்கே இருப்பது சைலப்பனின் வீட்டோடு சேர்ந்த பரோட்டாக் கடை, ஒரு பஞ்சர் கடை, அப்புறம் ஊருக்குப் பெயர் கொடுத்த பாறை. கடையே பாறையின் சரிவில்தான் உட்கார்ந்திருந்தது. தளம் என்று தனியாக ஒன்று போடவில்லை. அடுப்பு ஸ்டாண்டின் இரும்புக் கால்கள் நேராகப் பாறையில் ஊன்றியிருந்தன. கடைக்குப் பின்னால், அதே பாறையின் வெடிப்பில், இடுப்பு உயரத்துக்கு ஒரு புதர். புரட்டாசி பிறந்தால் அது நீலமாகப் பூக்கும். பரோட்டாக் கல் துடைக்கும் துணியை உலகம்மாள் அதன்மேல்தான் காயப்போடுவாள். துணியில் பூ ஒட்டிக்கொள்ளும், திட்டிக்கொண்டே உதறுவாள். இதற்குமேல் அந்தச் செடிக்கும் அவளுக்கும் பேச்சுவார்த்தை இருந்ததில்லை.

ஒருநாள் நாகர்கோவில் பக்கத்துப் பெண் ஒருத்தி சாப்பிட வந்தாள். பெயர் ஜெபராணி, தாவரவியலில் முனைவர். பாதி பரோட்டாவில் காரம் ஏறிக் கை கழுவப் பின்னால் போனவள் திரும்பி வரவே இல்லை. உலகம்மாள் போய்ப் பார்த்தபோது, அந்தப் புதருக்கு முன்னால் மண்டி போட்டு, எச்சில் கையோடு தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தாள்.

"சால்னாவுல மிளகாய் கூடிப்போச்சா தாயி?"

"அக்கா, இது கரட்டுநீலி. உலகத்துலயே இல்லைன்னு எழுதி மூடினது. நீங்க இது மேல அடுப்புத் துணி போட்டுருக்கிய."

அன்றைக்கு ஆரம்பித்த வினை அது. ஜெபராணி கடைக்குப் பின்னாலேயே கூடாரம் போட்டு உட்கார்ந்தாள். மலையில் இருந்த கரட்டுநீலிகள் எல்லாம் காய்க்காமலே கிழடு தட்டிச் செத்திருக்க, இது ஒன்று மட்டும் எப்படி வருஷா வருஷம் காய்க்கிறது என்பதுதான் அவள் கேள்வி. ஒரு சாயங்காலம் உள்ளே சைலப்பன் கொத்துப் பரோட்டா போட ஆரம்பித்ததும், வெளியே பூக்களிலிருந்து மஞ்சள் பொடி பொலபொலவென்று உதிர்வதைப் பார்த்தாள். சைலப்பன் கரண்டியை நிறுத்தினால் பொடி நின்றது. மறுபடி அடித்தால் மறுபடி உதிர்ந்தது.

"இந்தப் பூவுல மகரந்தம் குழாய்க்குள்ள அடைஞ்சு கிடக்கும், நுனியில ஊசித் துளைதான்" என்று அவள் உலகம்மாளுக்கு விளக்கினாள். "அதுக்குன்னே ஒரு வண்டு இருந்துச்சு அக்கா. பூவைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு உடம்பை அதிர வைக்கும். மிளகுத்தூள் டப்பாவைத் தட்டுனா விழுமே, அப்படித்தான் பொடி விழும். வயலுக்கு மருந்தடிச்சு அடிச்சு அந்த வண்டு அத்துப்போச்சு. இங்கன மட்டும் அண்ணாச்சி கொத்துற அதிர்வு ஸ்டாண்டு கால் வழியா பாறைக்குள்ள இறங்கி, பாறை வழியா வேருக்குப் போகுது. செடி அண்ணாச்சியை வண்டுன்னு நினைச்சுக்கிட்டு இருக்கு."

செடி நினைத்தால் பரவாயில்லை. ஆணையமும் நினைத்ததுதான் சங்கடம். அரிய உயிர் ஆணையத்தில் முடிவெடுப்பது மனிதர்கள் அல்ல, ஓர் எந்திரம். மனிதர்கள் எடுத்தால் சிபாரிசு வரும் என்று எல்லாவற்றையும் அதனிடம் ஒப்படைத்திருந்தார்கள். ஓர் உயிர் அருகிப்போனால் அது எதை நம்பி வாழ்கிறதோ அதற்கும் அதே பாதுகாப்பு என்பது அதற்குச் சொல்லிக்கொடுத்த சட்டம். மகரந்தம் சேர்ப்பவை என்ற இடத்தில் அதற்குத் தெரிந்தது வண்டு, தேனீ, பட்டாம்பூச்சி, வௌவால், குருவி. மனுஷன் என்று அதில் இடமே இல்லை.

"வௌவால்னு போட்டுப் பார்த்தேம்மா" என்றார் அந்த அதிகாரி. அவர் பெயர் புகழேந்தி, கெட்டவர் இல்லை. "எவ்வளவு தூரம் பறக்கும்னு கேட்டுது. பூச்சிதான் தோதா அமைஞ்சுது."

மறுநாளே சைலப்பனின் கணுக்காலில் ஒரு வளையம் மாட்டினார்கள். கடையிலிருந்து சாலையில் உள்ள பெரிய பாலம் வரைதான் அவர் வாழிடம். அதைத் தாண்டினால் வளையம் கத்தும், ஜீப் வரும். பூச்சிக்கு ரேஷன் கிடையாது என்று அட்டையிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டு, மாசத்துக்கு ஒரு டின் தேன் இறக்கினார்கள். சைலப்பனுக்குத் தேன் ஆகாது, வயிற்றைப் புரட்டும். கொசுவத்தி கொளுத்தக் கூடாது என்று தடை வந்தது. பாதுகாக்கப்பட்ட பூச்சியின் வாழிடத்தில் பூச்சிமருந்தா என்று எந்திரம் கேட்டதாம். வாசலில் ஒரு பலகை நட்டார்கள். அரிய உயிரினம், கல்லெறியாதீர், உணவளிக்காதீர் என்று எழுதியிருந்தது. அதைப் படித்துவிட்டுப் பஞ்சர் கடைக்காரன் சைலப்பனுக்கு டீ வாங்கிக் கொடுப்பதை நிறுத்தினான்.

இதைவிடக் கூத்து வாடிக்கையாளர் விஷயம். கூட்டம் பூச்சிக்கு இடையூறு என்று யாரையும் கடைக்குள் விடவில்லை. ஆனால் பூக்காலம் முழுக்கச் சாயங்காலமானால் கொத்துப் போட்டே தீர வேண்டும். மைதா, முட்டை, எண்ணெய் எல்லாம் ஆணையம் அனுப்பியது. தின்ன ஆள் இல்லாமல் சைலப்பன் தட்டுத் தட்டாகக் கொத்தினார். விலக்கில் இருந்த நாய்கள் நடக்க முடியாமல் கொழுத்தன.

உலகம்மாள் இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டாள். அவளால் பொறுக்க முடியாமல் போனது வேறொன்று. ஒருநாள் சைலப்பன் ஈரக்காலோடு அவள் துடைத்த இடத்தில் நடந்துவிட்டார். கல்யாணம் ஆன நாளிலிருந்து திட்டுவது போலத்தான் அன்றைக்கும் திட்டினாள். வளையம் அவர் இதயத் துடிப்பை அளந்து அனுப்பிவிட்டது. அடுத்த நிமிஷம் புகழேந்தி போனில் வந்தார்.

"அம்மா, வனவிலங்கைத் துன்புறுத்துறதா பதிவாகுது. கொஞ்சம் மெதுவா பேசிக்குங்க."

"என் புருஷனை நான் திட்டக் கூடாதா?"

"புருஷனை எவ்வளவு வேணா திட்டுங்க. பூச்சியைத் திட்டக் கூடாது."

அன்று முழுக்க அவள் வாயை மூடிக்கொண்டு இருந்தாள். இத்தனை வருஷத்தில் அவர் பேசாததற்கும் சேர்த்து வீட்டில் பேசிவந்தவள் அவள்தான். அது நின்றுபோனதும் வீடு விறைத்துக் கிடந்தது. சைலப்பனே பொறுக்கமாட்டாமல், "ஏளா, எதையாவது சொல்லேன்" என்றார். அவளுக்கு அழுகை வந்தது. வெங்காயம் எதுவும் பக்கத்தில் இல்லை.

இரண்டாவது பூக்காலத்தில் சைலப்பனின் வலது மணிக்கட்டு வீங்கியது. ஆஸ்பத்திரியில் பார்க்க மாட்டோம் என்றார்கள், அவர் மனுஷக் கணக்கில் இல்லை. மாட்டு டாக்டர் வந்தார். பழக்க தோஷத்தில் உலகம்மாளைப் பார்த்து, "தீவனம் எடுக்குதா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தவர் முகம் மாறியது.

"ஓய்வு குடுக்கணும். இல்லேன்னா இந்தக் கை கொஞ்ச நாள்ல டம்ளரைக்கூடப் பிடிக்காது" என்றார்.

எந்திரத்துக்கு இது தெரிந்ததும் மாற்றுப் பூச்சி தேடச் சொன்னது. முதலில் சைலப்பன் கொத்தும் சத்தத்தைப் பதிவு செய்து ஒலிபெருக்கியில் போட்டார்கள். பாறைக்கு அது காதில் விழவே இல்லை. அப்புறம் ஸ்டாண்டிலேயே ஓர் இயந்திரக் கையைப் பொருத்தி அடிக்க விட்டார்கள். ஒரே சீராக அடித்தது. பூ மசியவில்லை. மதுரையிலிருந்து பெயர்போன மாஸ்டர் ஒருவரைக் கூட்டி வந்தார்கள். அவர் கச்சேரி மாதிரி வெளுத்து வாங்கினார். சாலையில் போன லாரிக்காரர்கள் நிறுத்திக் கைதட்டினார்கள், பூ மட்டும் கம்மென்று இருந்தது.

"வண்டு ஒரே மூச்சா அதிராது அக்கா" என்றாள் ஜெபராணி. "கொஞ்சம் அதிரும், நிக்கும், பூவை மோந்து பார்க்கும், பொறவு திரும்பவும் அதிரும். அண்ணாச்சியும் அப்படித்தான். கொத்திக்கிட்டே இருக்கும்போது ஒரு நிமிஷம் நிறுத்தி உப்பு பார்ப்பாரு பாருங்க. அந்த நிறுத்தம் வேற யாருக்கும் வரமாட்டேங்குது."

உலகம்மாள் எழுந்து பாத்திரம் கழுவப் போனாள். வேறு யாருக்கு அது வரும் என்று அவளுக்குத் தெரியும்.

அவர்கள் மகள் கல்யாணி தொட்டிலில் கிடந்ததே அந்த அடுப்புக்குப் பக்கத்தில்தான். கரண்டிச் சத்தம் நின்றால் முழித்துக்கொண்டு அழும் பிள்ளை. பள்ளிக்கூடம் விட்டு வந்து, கூட்ட நேரத்தில் அப்பாவுக்குக் கை மாற்றிக் கொத்துவாள். யார் கொத்துகிறார்கள் என்று எட்டிப் பார்க்காமல் சொல்ல உலகம்மாளாலேயே முடியாது. இப்போது வெளியூர் விடுதியில் தங்கி டிப்ளமா முடித்துத் தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்ட வேலை வாங்கியிருந்தாள். முதல் தேதி சேர வேண்டும். பயிற்சிக்குப் போனபோது மேலே ஏறி உட்கார்ந்தவள், கடல் முழுக்கத் தெரிகிறது என்று போன் போட்டுக் கத்தியிருந்தாள். மகள் அப்படிச் சந்தோஷமாகக் கத்தி உலகம்மாள் அதற்கு முன் கேட்டதில்லை.

ஊருக்கு வந்து அப்பாவின் மணிக்கட்டைப் பார்த்த அன்றே கல்யாணி நேராக ஜெபராணியின் கூடாரத்துக்குப் போய், "எனக்கு வரும். என்னை எடுத்துக்கிட்டு எங்கப்பாவை விட்டுருங்க" என்று சொல்லிவிட்டாள். உலகம்மாளுக்கு விஷயம் புகழேந்தி வந்து சொல்லித்தான் தெரிந்தது.

"உங்க மக வந்தா சாருக்கு விடுதலைம்மா. வளையத்தைக் கழட்டிடுவோம், திரும்ப மனுஷன். எந்திரத்துக்கு ஒரு பூச்சி போதும்" என்றார். கொஞ்சம் தயங்கிவிட்டு, "ஆனா ஒண்ணு. சந்ததிக்கு அந்தத் திறமை இருக்குன்னு ஒருதடவை நிரூபணமாயிட்டா, வம்சமே பட்டியல்ல ஏறிடும். அவங்க பிள்ளை, அவங்க பேரப்பிள்ளை எல்லாம்" என்று சேர்த்துக்கொண்டார்.

உலகம்மாள் மகளைப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"ஏட்டி, உனக்குக் கிறுக்கா? கிரேன் வேலை என்னாகும்?"

"கிரேன் யாரு வேணா ஓட்டலாம்மா. அப்பாவுக்கு கை போச்சுன்னா என்ன செய்வ? ஊட்டி விடுவியா?"

"விடுவேன்."

"நீ விடுவ. அப்பா தின்னுவாரா?"

புருஷன் மனுஷனாகத் திரும்பி வர வேண்டும் என்று உலகம்மாள் கும்பிடாத சாமி இல்லை. அதற்கு விலையாக மகளைக் கேட்பார்கள் என்று அவள் நினைத்ததே இல்லை. சைலப்பனிடம் போய், "நீங்களாவது வேண்டாம்னு சொல்லுங்க" என்றாள். அவர் வெந்துகொண்டிருந்த சால்னாவைக் கிண்டியபடி, "செஞ்சு பாக்கட்டுமே" என்றார். அந்தக் கணம் அவளுக்கு அவர்மேல் வந்த வெறுப்பை வளையம் அளந்திருந்தால் ஜீப்பே வந்திருக்கும்.

சோதனை நாளன்று சாயங்காலம் பூக்கள் எல்லாம் விரிந்து நின்றன. ஜெபராணி புதருக்கு அடியில் கறுப்புத் தாளை விரித்து வைத்தாள். புகழேந்தி கேமராவோடு நின்றார். சைலப்பன் கல்லில் எண்ணெய் விட்டு, முட்டையை உடைத்து ஊற்றி, பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுவிட்டு விலகிக்கொண்டார். கல்யாணி கரண்டிகளை எடுத்தாள்.

உலகம்மாள் புதருக்குப் பக்கத்தில் நின்று கண்ணை மூடிக்கொண்டாள். சத்தம் வந்தது. அது சைலப்பனேதான். அதே வேகம், அதே ஏற்ற இறக்கம். நடுவில் நின்றது. இப்போது உப்பு பார்க்கிறாள் என்று உலகம்மாள் நினைத்தாள். மறுபடி எழுந்தது. முடிந்தது கதை என்று அவளுக்குத் தோன்றியது. கிரேன் போயிற்று, கடல் போயிற்று, இனி இந்தக் காலிலிருந்து கழற்றி அந்தக் காலில் மாட்டுவார்கள். கண்ணைத் திறந்து கறுப்புத் தாளைப் பார்த்தாள்.

தாள் கறுப்பாகவே இருந்தது. ஒரு பொட்டு மஞ்சள் இல்லை.

கல்யாணி இன்னொரு தடவை அடித்தாள். வேர்த்து ஊற்ற, பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாவது தடவையும் அடித்தாள். பூ அசையவில்லை. புகழேந்தி கேமராவை அணைத்தார். "சந்ததிக்குத் திறன் இல்லைன்னு பதிவாயிடுச்சு" என்றார். அவர் குரலில் வருத்தமா நிம்மதியா என்று தெரியவில்லை. அடித்த கொத்தில் ஒரு தட்டு எடுத்துச் சாப்பிட்டுப் பார்த்து, ருசி அருமை என்று பாராட்டினார். அதை யாரும் காதில் வாங்கவில்லை.

"எப்பா, நான் சரியாத்தான அடிச்சேன்?" என்றாள் கல்யாணி.

சைலப்பன் கரண்டிகளை வாங்கித் துடைத்தார். "இல்ல தாயி. உனக்குக் கை வரல."

"சின்னதுலேருந்து அடிக்கேம்பா."

"அடிச்சா வந்துருமா? உனக்கு வரல. விட்டுரு."

அவர் மகளிடம் அப்படிப் பேசி உலகம்மாள் கேட்டதே இல்லை. வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் வாய் திறந்து அவர் சொல்லும் ஒரே பெருமை, தன் கை மகளுக்கு வந்திருக்கிறது என்பதுதான். கல்யாணி அடி வாங்கினவள் போல நின்றுவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். மறுநாள் காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியபோது அம்மாவிடம் மட்டும்தான் சொல்லிக்கொண்டாள். சைலப்பன் சாலை ஓரத்தில் நின்றார். பேருந்து அன்றைக்கென்று பார்த்து யோசிக்காமல் நின்றது, யோசிக்காமல் கிளம்பியது. கல்யாணி இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

உலகம்மாள் கோபத்தோடு கடையைக் கழுவ ஆரம்பித்தாள். முந்தின நாள் சிந்திய முட்டை அடுப்படியில் காய்ந்து ஒட்டியிருந்தது. குனிந்து தேய்த்தபோது ஸ்டாண்டின் கால் ஒன்று பாறையில் படாமல் நின்றது. கையை விட்டுப் பார்த்தாள். காலுக்கும் பாறைக்கும் நடுவே கனமாக ஒரு ரப்பர்த் துண்டு, பழைய லாரி டயரிலிருந்து அறுத்தது. மற்ற கால்களுக்கும் கீழே அதே மாதிரி அளவாக அறுத்து வைத்திருந்தது. முந்தின நாள் அடித்ததில் ஓர் அதிர்வுகூடப் பாறைக்குள் இறங்கியிருக்காது. வீங்கின அந்தக் கையோடு இந்த ஸ்டாண்டைத் தனியாகத் தூக்கித் தூக்கி எப்படித்தான் வைத்தாரோ.

சைலப்பன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க இது?"

"ஆட்டம் குடுத்துச்சு. முட்டுக் குடுத்தேன்."

உலகம்மாள் அவரையே பார்த்தாள். திட்ட வேண்டும் என்று எடுத்த மூச்சு அப்படியே அடங்கியது. "எடுத்துரட்டுமா?" என்றாள்.

"எடுத்துரு. சாயங்காலத்துக்கு கொத்து போடணும்லா."

இருவருமாக ஸ்டாண்டை ஒரு பக்கம் சாய்த்து, துண்டுகளை ஒவ்வொன்றாக உருவினார்கள். அவள் அவற்றை அடுப்பில் போட்டாள். ரப்பர் கருகும் நாற்றத்துக்குப் பஞ்சர் கடைக்காரன் எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். அன்று சாயங்காலம் சைலப்பன் மணிக்கட்டில் துணியைச் சுற்றிக்கொண்டு அடித்தார். பொடி மஞ்சள் மஞ்சளாக உதிர்ந்ததாக ஜெபராணி பின்னாலிருந்து குரல் கொடுத்தாள்.

கல்யாணி ஒரு வாரம் போன் பண்ணவில்லை. பண்ணியபோது பின்னால் காற்று இரைந்தது.

"மேல இருக்கேம்மா. கடலு நல்லாருக்கு. அப்பா கை எப்படியிருக்கு?"

"இருக்கு."

"எனக்கு ஏம்மா வரல? அதே மாதிரிதான அடிச்சேன். நீயும் கேட்டேல்லா. நீ சொல்லு."

உள்ளே கரண்டிச் சத்தம் நின்றது. சைலப்பன் உப்பு பார்க்கிறார் என்று உலகம்மாள் முதலில் நினைத்தாள். சத்தம் திரும்ப எழவில்லை. அவர் இங்கேதான் காதை வைத்திருந்தார்.

"கேட்டேன்ட்டி" என்றாள் உலகம்மாள். "உங்கப்பா சொன்னது சரிதான். உனக்குக் கை வரல."

அந்தப் பக்கம் கல்யாணி சரி என்றாள். அவள் நம்பிவிட்டாள் என்பது குரலிலேயே தெரிந்தது. உள்ளே சைலப்பன் மறுபடி கொத்த ஆரம்பித்தார்.